முத்தக்கோரை யார் வீட்டு விருந்தாளி

எங்கள் ஊர்க் கண்மாய் முழுதாக வற்றும் வருஷங்களில், அதில் நிற்கும் கோரை, சம்பு, நாணல் எல்லாம் ஊருக்குள் வந்து வீடுகளில் தங்கும். வீட்டுக்கு ஒரு தூர். தண்ணீர் வருகிற சேதி தெரிந்ததும் திரும்பிப் போகும். எந்த வீட்டுக்கு எது என்று நீர்க்கட்டி சோணை சொல்வார். மடையைத் திறந்து அடைக்கிற வேலையும் அவருடையது என்பதால் அவர் சொன்னதை யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

சோணை தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பார்ப்பார். மூன்று பட்டை தட்டுப்பட்டால் கோரை. உருண்டையாக, இடையிடையே கணு இருந்தால் நாணல். சம்புக்கு உருட்ட வேண்டியதில்லை, தலையில் பழுப்புக் கதிரோடு ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். உயரமான வீடாகப் பார்த்துத்தான் அதை அனுப்புவார். நாணல் ஓயாமல் பேசும் என்பதால் முடிந்தவரை காது கேளாதவர்கள் இருக்கும் வீட்டுக்குப் போகும். கோரை குறைவாகப் பேசும். கோரையிலும் பாய்க்கோரை வந்தால் அந்த வீட்டுக்கு யோகம். இருக்கும்வரை மூலையில் நேராக நிற்கும், போகும்போது ஒரு பாய் நெய்யுமளவு தண்டை உதிர்த்துவிட்டுப் போகும்.

விருந்தாளியின் காலைப் பார்க்கக் கூடாது. வேர் எப்படி இருக்கிறது, கிழங்கு உண்டா என்று குனிந்து பார்ப்பது எங்கள் ஊரில் பெரிய அவமரியாதை. சோணையும் பார்க்க மாட்டார்.

போன வருஷம் ஆவணி ஆறாம் தேதி கண்மாய் வற்றியது. ஏழாம் தேதி காலையில் விருந்தாளிகள் கரையேறி வந்து வேப்பமரத்தடியில் நின்றன. சோணை ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்து வாசல் வாசலாகக் கொண்டுபோய் நிறுத்தினார். என் பங்காளி காத்தமுத்து வாசலில் ஒரு பாய்க்கோரையை நிறுத்தினார். என் நெஞ்சு உயரம், தலையில் பூங்கொத்து, பார்க்கவே கம்பீரம். என் வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒன்றை நிறுத்தினார். உருட்டினார். "மூணு பட்டை. கோரைதான். சின்ன வயசு," என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

காத்தமுத்து என் சித்தப்பா மகன். எங்கள் இரண்டு வீடும் ஒரு காலத்தில் ஒரே வீடு. பாகம் பிரித்தபோது நடுவில் சுவர் எழுப்பினோம். நான் அரிசி ஆலைக்குப் போயிருந்த நாளில் அவன் நின்று எழுப்பினான். திரும்பி வந்து பார்த்தால் சுவர் என் பக்கம் ஒரு சாண் தள்ளி இருந்தது. கேட்டதற்கு, கொத்தனார் போட்ட நூல் அப்படி என்றான். அன்றோடு பேச்சு நின்றது. முப்பத்தோரு வருஷம். அவன் வாசலில் நான் ஏறியதில்லை. போன வருஷத்துக்கு முந்தின வற்றலில் அவனுக்குப் பாய்க்கோரை, எனக்கு நாணல். அதற்கும் முந்தினதில் அவனுக்குப் பாய்க்கோரை, எனக்கு ஊசிக்கோரை. அது என் மனைவி குருவம்மாளின் காலைக் கிழித்தது. நான் இரண்டாம் வகுப்போடு நின்றவன், ஆனால் இந்த மாதிரி விஷயங்கள் எனக்கு மறப்பதில்லை.

வீட்டுக்காரர் வந்து "உள்ள வாங்க" என்று சொல்லும்வரை விருந்தாளி வாசலில் நிற்க வேண்டும். காத்தமுத்து அன்று சந்தைக்குப் போயிருந்தான். அவன் மனைவி பிள்ளைப்பேறு பார்க்க மகள் வீட்டுக்குப் போய் மாசமாகியிருந்தது. மத்தியானம் தெருவில் ஆள் இல்லை. நான் பாய்க்கோரையிடம் போனேன்.

"நீங்க நிக்க வேண்டிய வாசல் இது," என்று என் வாசலைக் காட்டினேன்.

"நீர்க்கட்டி இந்த வாசலைத்தான் காட்டினார்."

"அவருக்கு வயசாகிப்போச்சு. ரெண்டு வாசலும் ஒட்டி இருக்கு பாருங்க, தடுமாறிட்டாரு."

பாய்க்கோரை நகர்ந்து வந்து நின்றது. சின்னதை அந்தப் பக்கம் போகச் சொன்னேன். அது காரணம் கேட்கவில்லை. எனக்கு எல்லா வாசலும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டுப் போனது.

அதன் பிறகு ஐம்பது நாளுக்கு மேல் என் வீட்டில் பாய்க்கோரை இருந்தது. காலையில் குருவம்மாள் அரிசி களைந்த தண்ணீரை அதன் அடியில் ஊற்றுவாள். விருந்தாளிக்கு அதுதான் சாப்பாடு. நாற்பத்தெட்டு நாள் அதைக் குடித்தால்தான் அந்த வீட்டில் தங்கியதாக அர்த்தம். அது குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்து நிற்கும். ஒருநாள், இந்தச் சுவர் நேராக இல்லை என்று சொன்னது. அன்று அதற்கு இரண்டு செம்பு ஊற்றச் சொன்னேன்.

காத்தமுத்துவும் நானும் நேரில் பேசாவிட்டாலும் ஒருவர் சேதி ஒருவருக்குத் தெரியும். அவன் தன் கோழியிடம் பேசுவான், நான் என் செவலைப் பசுவிடம் பேசுவேன். சுவர் உயரம் இல்லை, கேட்கும்.

"ஏ கோழி," என்றான் பத்தாம் நாள். "நம்ம வீட்டு விருந்தாளிக்குச் சொந்தக்காரவுக வந்திருக்காக பாத்தியா? ஒத்த ஆளா வந்துச்சு, இப்ப மூணு. மனுசன் மனசு நல்லா இருந்தா வீடு தேடி வருவாக. சில வீட்டுல ஈ கூட ஏறாது."

பதினைந்தாம் நாள் கட்டிலுக்கு அடியில் ஏழு என்றான். இருபதாம் நாள் அவன் குரலில் கொண்டாட்டம் குறைந்திருந்தது.

"ஏ கோழி, அடுப்பங்கரையில மிதிச்சிராத. அங்கயும் நிக்கிறாக."

அந்த வாரம்தான் சுவர்ப் பக்கம் வாசம் அடித்தது. நாங்கள் வயலில் களையெடுக்கும்போது கையில் ஒட்டுகிற வாசம். முத்தக்கோரைக் கிழங்கின் வாசம். அதுவும் மூன்று பட்டைக்காரன்தான். மேலே பார்த்தால் சின்னக் கோரை, அடியில் கிழங்குக்கு மேல் கிழங்கு. ஒன்றைப் பிடுங்கினால் பத்து முளைக்கும். என் அப்பா ஒரே வயலில் நாற்பது வருஷம் அதைப் பிடுங்கினார். காலைப் பார்க்காத மரியாதையால் சோணைக்குத் தெரியாமல் போயிருக்கிறது. எனக்கு வந்திருக்க வேண்டியது அவனுக்குப் போயிருக்கிறது. அன்று மத்தியானம் நான் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

"நல்ல மனசுக்காரவுக வீட்டுக்கு நாலு பேரு வரத்தான் செய்வாக, என்ன செவலை?" என்றேன் சத்தமாக.

அந்தப் பக்கம் கோழி மட்டும் கொக்கரித்தது.

விருந்தாளி திரும்பாத வீட்டுக்குக் கண்மாய் தானே வந்துவிடும். அதன் செடி எங்கே வேர் விட்டிருக்கிறதோ அதுவரை அதன் எல்லை. என் அப்பா காலத்தில் வெள்ளையன் என்பவர் வீட்டில் ஒரு சம்பு அப்படி நின்றுவிட்டது. கண்மாய் வற்றும்போதெல்லாம் அந்த வீட்டு நிலைக்கதவு நடுக் கண்மாயில் தெரியும். பூட்டுக்கூடப் போட்டபடி இருக்கிறது. அந்தக் குடும்பம் இப்போது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இதையெல்லாம் யோசித்தபோதும் எனக்குச் சங்கடமாக இல்லை. காத்தமுத்து வீடு கண்மாய் ஆனால் என் வீடு கரை மேல் வீடு ஆகும், காற்று வரும் என்றுதான் நினைத்தேன்.

ஐப்பசி மூன்றாம் தேதி சோணை தெருவில் சொல்லிக்கொண்டே போனார்.

"மேலக் கண்மாய் நெறஞ்சு கலுங்கு பாயுது. மூணு நாள்ல நம்ம ஊருக்குத் தண்ணி. விருந்தாளிகளை அனுப்பிச்சு வைங்கப்பா."

ஒவ்வொரு வீட்டிலும் வீட்டுக்காரர் வாசலில் நின்று "போயிட்டு வாங்க" என்றார். ஒவ்வொன்றாக இறங்கிப் போயின. சம்புகள் குனிந்து நிலைப்படி தாண்டின. நாணல்கள் தெருமுனை வரை பேசிக்கொண்டே போயின. நான் காது கொடுத்துக் கேட்டேன். காத்தமுத்து போயிட்டு வாங்க என்றான். கொஞ்சம் பொறுத்து மறுபடி சொன்னான். மூன்றாம் முறை குரல் உயர்ந்தது. ஐந்தாம் முறை கெஞ்சலாக இருந்தது. ஒன்றும் வெளியே வரவில்லை.

நான் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு பாய்க்கோரை முன் நின்றேன். "போயிட்டு வாங்க," என்றேன்.

அது நின்றபடியே நின்றது.

"போயிட்டு வாங்க."

"நீங்கள் சொல்லி நான் போக முடியாது," என்றது. "நீர்க்கட்டி எந்த வீட்டில் நிறுத்தினாரோ அந்த வீட்டுக்காரர் சொல்ல வேண்டும். அவர் கையால் தண்ணீரும் குடித்திருக்க வேண்டும்."

"ஐம்பத்தெட்டு நாளா இங்க குடிச்சீகளே?"

"கொடுத்தீர்கள். குடித்தேன். அது வேறு."

குருவம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் திரும்பி வெளியே போய்விட்டேன்.

அன்று முழுவதும் வேலிக்குக் கம்பு வெட்டினேன். வேலி நன்றாகத்தான் இருந்தது. போய்ச் சொல்வதற்கு இருப்பது ஒரு வாக்கியம்தான். ஆனால் அதை அந்த வாசலில் ஏறிச் சொல்ல வேண்டும். அவன் வாயால்தான் பாய்க்கோரை போகும், என் வாயால்தான் முத்தக்கோரை போகும். அவனுக்கு அது தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். சுவரைத் தள்ளிக் கட்டியவன் அவன். நான் போய் அவனிடம் தப்புச் செய்தேன் என்று நிற்பதா? அவனாக வந்து சுவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லட்டும், நானும் சொல்கிறேன் என்று முடிவு செய்தேன். அவன் வரவில்லை. அவனுக்கு வருவதற்குக் காரணமும் இல்லை.

இரண்டாம் நாள் காலையில் குருவம்மாள் கூப்பிட்டாள். சுவரடியில் என் பக்கம் மூன்று பச்சை முனைகள் எட்டிப் பார்த்தன. காத்தமுத்து சுவருக்கு அஸ்திவாரம் ஒரு முழம்கூடத் தோண்டியிருக்கவில்லை, கிழங்கு அடியில் புகுந்து வந்துவிட்டது. மத்தியானத்துக்குள் அம்மிக்கல்லைச் சுற்றி முளைத்தது.

வெயில் தாழ்வதற்குள் சோணை கயிறும் சுண்ணாம்புப் பொடியும் எடுத்துக்கொண்டு வந்தார். கண்மாய் வரும்போது எதுவரை வரலாம் என்று அதற்குத் தெரிய வேண்டும் என்பதால் கோடு போடுவது வழக்கம். காத்தமுத்து வீட்டு வாசலில் தொடங்கினார். அவன் வீடு முழுவதும் உள்ளே போனது. கோடு சுவரைத் தாண்டி என் வீட்டுக்குள் வந்தது. பாய்க்கோரை நிற்கும் மூலையைச் சுற்றியது. நெல் குதிர், அம்மி, சாமி மாடம், அடுப்பு எல்லாம் உள்ளே. பின்வாசல் தாண்டி மாட்டுக்கொட்டிலுக்கு ஒரு அடி முன்னால் கோடு நின்றது.

"செவலை தப்பிச்சிருச்சு," என்றார் சோணை.

"சாமி மாடத்த மட்டும் விட்டுப் போட முடியாதா அண்ணே?"

"வேர் போயிருக்கு தவசி. நானா போடுறேன்?" அவர் கயிற்றைச் சுற்றினார். அத்தனை வாசலில் எதை எங்கே நிறுத்தினோம் என்பது அவருக்கு நினைவில்லை. "உன் வீட்டுக்கு வந்த கோரை எத்தன வருசமா வந்து போற கோரை. ஒரு நாளும் இப்பிடி நின்னதில்ல. என்ன செஞ்ச அதுக்கு?"

"கொறையில்லாமத்தான் வச்சிருந்தேன்."

"அப்ப நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சாமானை எடுத்துரு."

அவர் போன பிறகு குருவம்மாள் கோட்டுக்கு உள்ளே உட்கார்ந்து அம்மியைத் துடைத்தாள். நான் எழுந்திருக்கச் சொன்னேன். அவள் எழுந்திருக்கவில்லை.

"கல்யாணம் முடிஞ்சு வந்து இறங்கின வீடு. மீனுக்கு விடப்போறீகளாக்கும்?"

"நான் என்ன செய்ய?"

"வற்றின மறுநா மத்தியானம் வாசல்ல நின்னு யார்கூடப் பேசிக்கிட்டு இருந்தீக?"

"யாரும் இல்ல. காத்து வாங்கினேன்."

"அன்னிக்குக் காத்தே இல்ல." அவள் துணியைப் பிழிந்தாள். "உங்க சாண் உங்களுக்குப் பெருசுதான். நான் வேண்டாங்கல. ஆனா சாணை வச்சுக்கிட்டு எங்க போய்ப் படுக்கிறது?"

அன்று அவள் எனக்குச் சோறு போட்டுவிட்டுத் தான் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் விடிந்ததும் வடமேற்கே மண் வாசம் வந்தது. பத்து மணிக்கு வரத்துக்கால் பக்கம் கொக்குகள் எழும்பிப் பறந்தன. தண்ணீர் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். குருவம்மாள் சாமானை எடுக்கவில்லை. ஒரு பெட்டியைக்கூட நகர்த்தவில்லை. சாமி மாடத்தில் விளக்கேற்றிவிட்டு அதன் கீழே உட்கார்ந்துகொண்டாள். முத்தக்கோரை அவள் சேலைத் தலைப்பைச் சுற்றி முளைத்திருந்தது. பாய்க்கோரை என்னைப் பார்த்தபடி நின்றது. சொந்த வீட்டில் நிற்க இடமில்லாமல் வெளியே வந்தேன். தூரத்தில் சரசரவென்று ஒரு சத்தம், யாரோ ஓலையை இழுத்துக்கொண்டு வருவது போல.

முப்பத்தோரு வருஷம் கழித்து அந்த வாசலில் ஏறினேன். நிலைப்படி நான் நினைத்திருந்ததைவிட உயரமாக இருந்தது.

காத்தமுத்து கட்டிலில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தான். தரை தெரியவில்லை. சுவரிலிருந்து சுவர்வரை முத்தக்கோரை. கோழி அவன் மடியில் இருந்தது. அவன் தலை என் தலையைவிட வெளுத்திருந்தது. அவனை நேராகப் பார்த்து அவ்வளவு காலமாகியிருந்தது.

"ஏ கோழி," என்றான். "யாரு வந்திருக்கா பாரு. வீடு முங்குறத வேடிக்க பாக்க வந்திருக்காக."

நான் அவனைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னேன். "போயிட்டு வாங்க."

முத்தக்கோரைகள் எல்லாம் ஒரே சமயத்தில் என் பக்கம் சாய்ந்தன. "நீங்கள் யார்?" என்று முதன்முதலில் வந்த முத்தக்கோரை கேட்டது.

"நீங்க என் வீட்டு விருந்தாளி. வாசல மாத்தி விட்டது நான்."

கோழி மடியிலிருந்து இறங்கியது. காத்தமுத்து அதைப் பிடிக்கவில்லை. பிறகு கோழியிடம் பேசவில்லை, என்னிடம் பேசினான்.

"ஏண்ணே. ஒரு பாய்க்காகவா?"

"ஒரு சாணுக்காக."

அவன் சுவரைப் பார்த்தான். நானும் பார்த்தேன். சரசரப்பு இப்போது தெருக்கோடியில் கேட்டது.

"சரி, மாத்தினது மாத்தினாச்சு. இப்ப போகச் சொல்லுண்ணே. சத்தமாச் சொல்லு."

மறுபடி சொன்னேன். முத்தக்கோரை மரியாதையாகத்தான் பேசியது. "உங்கள் கையால் நான் ஒரு நாளும் தண்ணீர் குடிக்கவில்லை. நாற்பத்தெட்டு நாள் குடிக்காமல் எப்படிப் போவது? பிறகு வந்த இவர்களும் குடிக்க வேண்டும்."

காத்தமுத்து கட்டிலில் நின்றுகொண்டு சன்னல் வழியாகச் சோணையைக் கூப்பிட்டான். அவர் குடையோடு ஓடிவந்தார். நான் சொல்லச் சொல்லக் கேட்டார். கோபப்படவில்லை. விரல் நுனியை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"விருந்தாளிய எடுத்து மாத்த முடியுமா?" என்றான் காத்தமுத்து.

"வேர் விட்ட பெறகு விருந்தாளி நகரக் கூடாது. ஆளுக நகரலாம்." சோணை குடையை விரித்தார். "தவசி, நீ இந்த வீட்டுல இரு. காத்தமுத்து, நீ அந்த வீட்டுக்குப் போ. அவரவர் விருந்தாளிக்கு அவரவர் தண்ணி ஊத்துங்க. இன்னையோட முதல் நாள். நான் போய்க் கண்மாய நிப்பாட்டுறேன்."

"நிக்குமா அண்ணே?"

"செடியெல்லாம் முன்னால போய் நின்னாத்தான் அது போய்ப் படுக்கும். சொன்னாக் கேக்கும். கேக்குறதுக்குள்ள நீங்க மாறி இருக்கணும்."

அரை மணி நேரம்தான் இருந்தது. குருவம்மாளிடம் போய் எழுந்திரு என்றேன். எங்கே என்று கேட்டாள். பக்கத்து வீட்டுக்கு என்றேன். அவள் விளக்கை அணைக்காமல் கையில் எடுத்துக்கொண்டாள். நான் அடுப்பையும் அரிசிப் பானையையும் தூக்கினேன். காத்தமுத்து கட்டிலையும் கோழியையும் தூக்கிக்கொண்டு எதிரில் வந்தான். இரண்டு வாசலுக்கும் நடுவில் இடம் போதாமல் நின்றோம். அவன் ஒதுங்கினான்.

"மதினி, எனக்குச் சோறு?" என்று கேட்டான்.

"சுவத்துக்கு மேல குடுக்குறேன். வாங்கிக்கங்க கொழுந்தனாரே," என்றாள் குருவம்மாள். அவர்கள் இரண்டு பேரும் இத்தனை வருஷமும் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதை நான் மனதில் வைத்துக்கொண்டேன்.

முதல் வேலையாக அரிசி களைந்தோம். ஒரு செம்புத் தண்ணீர் அத்தனை முத்தக்கோரைக்கும் எப்படிப் போதும் என்று நினைத்தேன். முதலில் வந்தது குடித்துவிட்டு மற்றதெல்லாம் தன் வழியாகக் குடித்துவிட்டதாகச் சொன்னது. சுவருக்கு அப்பால் காத்தமுத்து "குடிங்க, குடிங்க" என்று பாய்க்கோரையிடம் சொல்வது கேட்டது.

பிறகு யாரும் பார்க்காத நேரமாக நான் சுவரோரம் போய்க் கையால் அளந்தேன். வீட்டின் நீளம் எனக்குத் தெரியும், பாகம் பிரித்த அன்று இரண்டு பக்கமும் பதினாறு சாண் என்று முடிவானது. என் பக்கம் பதினைந்துதான் இருந்தது என்பது ஊரறிந்த விஷயம். அவன் பக்கம் பதினேழு இருக்க வேண்டும். இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை வைத்தேன். பதினைந்து. விரலை நன்றாக விரித்து மறுபடி வைத்தேன். பதினைந்து. மீதி இரண்டு சாணும் சுவரின் தடிமனுக்குப் போயிருந்தன. முத்தக்கோரை பார்த்துக்கொண்டிருந்தது. நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

சாயங்காலம் கண்மாய் வந்தது. சோணை குடை பிடித்தபடி முன்னால் நடந்தார். அது அவருக்குப் பின்னால் தெருவை அடைத்துக்கொண்டு மெதுவாக வந்தது. வீட்டு வாசல்களில் ஏறவில்லை. கண்மாய் போய்ப் படுக்கும்வரை, அனுப்பி வைத்த விருந்தாளிகளை எல்லாம் இன்னும் நாற்பத்தெட்டு நாளைக்குத் திரும்பக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பதால் ஊரே வாசலில் நின்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்தது. நாணல் கிடைத்தவர்கள் பார்த்த பார்வையை எழுதுவதற்கில்லை.

கண்மாய் எங்கள் வீட்டு முன் நின்றது. சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தது. சோணை காலால் கோட்டை அழித்தார். அது கொஞ்சம் பின்வாங்கியது. குருவம்மாள் கையிலிருந்த விளக்கைக் கீழே வைத்தாள்.

"வழி மறிச்சு நிறுத்தினவுகதான் எடம் குடுக்கணும்," என்றார் சோணை. "ரெண்டு வீட்டுலயும் ஆளு இருக்கு. வேற என்ன இருக்கு?"

"மாட்டுக்கொட்டில் இருக்கு," என்றேன்.

"போதுமா?" என்று அவர் கண்மாயிடம் கேட்டார்.

மடக்கிப் படுத்தால் போதும் என்றது. சந்து வழியாகப் பின்பக்கம் போனது. போய் முடிய ஒரு நாழிகை ஆனது. கடைசியில் இரண்டு ஆமைகள் போயின. செவலை தொட்டிப் பக்கம் ஒதுங்கி இடம் விட்டது. கண்மாய் கரையோரங்களைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டது.

குருவம்மாள் ஏதாவது வேண்டுமா என்று கேட்கப் போனாள். திரும்பி வந்து சொன்னாள்.

"ரொம்பத் தூரம் நடந்து வந்துச்சாம். நாக்கு வறண்டு போச்சாம். குடிக்கத் தண்ணி கேக்குது."

காத்தமுத்து வீட்டுக் குடத்தில் அரைக் குடம் இருந்தது. நானே எடுத்துக்கொண்டு போய்ச் செம்பில் ஊற்றிக் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தது. இன்னொரு செம்பு கேட்டது. அதையும் குடித்துவிட்டு, தண்ணீர் ருசியாக இருக்கிறது, எங்கே பிடித்தது என்று கேட்டது.

"நெடுங்கரையில. அந்த ஊர்க் கொழாயில."

நெடுங்கரைக்கு எப்படிப் போக வேண்டும் என்று கேட்டது. கிழக்கே போய், பாலத்தைத் தாண்டி, செங்கல் சூளையில் இடப்பக்கம் திரும்பினால் நாலு மைல் என்று சொன்னேன். கண்மாய் அதை இரண்டு முறை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு, செம்பை என்னிடம் திருப்பிக் கொடுத்தது.